தீர்க்கதரிசனமும் அதன் உரைகல்லும்

பிறசமயக் கொள்கையொன்றை ஆராயப் புகுவார், முதற்கண் அக்கொள்கையை அச்சமயத்தார் தாமே கேட்டு 'ஆம், எங் கொள்கை இதுவே' என்று உடன்படுமாறு எடுத்துரைத்தல் வேண்டும். அதன் பின்னரே ஆண்டுள்ள குணகுற்றங்களை நாடுதல் முறையாம். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்துள் ஒவ்வொரு மதத்தையும் முன்னர் அம்மதத்தார் கூற்றாக நிறுத்திப் பின்னர் மறுதலை கூறியதும், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்பிற்கு உழைத்து அந்நூலை நன்குணர்ந்த பின்னரே 1854-ஆம் ஆண்டிற் சைவதூஷணபரிகாரம் வெளியிட்டதும் இம்முறைக்குச் சான்றாம். ஆயினும் கிறிஸ்து சமயத்தார் போற்றும் தீர்க்கதரிசிகள் விஷயத்தில் நம்மவருட் பலர் இம்முறையைக் கைநெகிழ விட்டனர். 'தீர்க்கதரிசியாவான் வருவது உரைப்பான். வருவது உரைத்தல் சோதிடர்க்கும் குறிசொல்வார்க்கும் இயல்வதே. அதனால் ஒரு சமயத்திற்கு வரும் பெருமை யாது?' என்று ஒரே வாக்கியத்தில் முடித்து விடுகின்றனர். இக்கூற்று எய்தப்பட்ட இலக்கினைத் தொடாது அயலே சென்ற அம்பு போல்வது. அஃது எவ்வாறென்பதையும், உண்மையில் ஆராயற்பாலதாய் நிற்கும் வினா யாதென்பதையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிழைக்கு முதற்காரணம் சொல்லே. தீர்க்கதரிசி என்பது நெடுந்தூரம் காண்பவன் என்று பொருள்படும் வடசொல். எபிரேய மொழியில் இதற்கு நேராய் நின்ற சொல் நாபி என்பதாம். அழைக்கப்பட்டவன் என்றும், அழைத்து உரைப்பவன் என்றும் அதற்குப் பொருள் கூறுவர் அம்மொழி வல்லார். கிரேக்கத்தில் வழங்கும் புரோபீட்டஸ் என்னுஞ் சொல்லோ, ஒருவர் பொருட்டு நின்று அவர் வாக்கை எடுத்துரைப்பவன் என்னும் பொருட்டு. இவ்விரண்டனுள்ளும் எதிர்காலங் காண்டல் முதற்பொருளன்று. யாத்திராகமத்தில் ஆரோன் மோசேக்குத் தீர்க்கதரிசியாவான் என்று சொல்லப்படுகின்றது. ஆரோன் ஆண்டு வருவதொன்றும் உரைத்தானல்லன்; நாவன்மையில்லாத தன் தம்பியின் பொருட்டுப் பாரவோன் முன்னர் வாயாக நின்றான்; அவ்வளவே. 1995-ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலிய மொழிபெயர்ப்பினர் பழைய சொல்லை விடுத்து இறைவாக்கினர் என்று வழங்கியதும் இக்கருத்துப் பற்றியேயாம்.

அற்றேல், இசரவேலரிடையே குறிகேட்கும் வழக்கம் இல்லையோ எனின், இருந்தது. சவுல் என்பான் தன் தந்தையின் கழுதைகளைத் தேடிச் சென்று காணாது, சாமுவேலைக் கேட்பின் தெரியும் என்று அவர்பாற் சென்ற வரலாறு அவர் நூலிலேயே உள்ளது. முன்னாளில் ஞானதிருஷ்டியுடையார் எனப்பட்டவரே பின்னாளில் தீர்க்கதரிசி எனப்பட்டனர் என்று அவ்விடத்தே ஒரு குறிப்பும் காணப்படும். எனவே, இழந்த பொருளைக் கேட்டறியும் நிலையினின்று மக்கள் இழந்த அறத்தைக் கேட்டறியும் நிலைக்கு அச்சாதியார் படிப்படியாக உயர்ந்தனர் என்று கொள்ளல் பொருந்தும். கி.மு. 8-ஆம் நூற்றாண்டினராகிய ஆமோஸ் என்பார் தெக்கோவா என்னும் ஊரில் மந்தை மேய்த்தும் காட்டத்திமரங்களைப் பேணியும் வாழ்ந்தவர். பெத்தேலில் அரசன் கோயிலிற் பூசை புரிந்த அமத்சியா அவரை, 'உன் நாட்டிற்குப் போய் அங்கே தீர்க்கதரிசனஞ் சொல்லிப் பிழைத்துக்கொள்' என்னுங் கருத்துப்படக் கூறித் துரத்தியபோது, தாம் தீர்க்கதரிசியுமல்லர், அக்கூட்டத்திற் பிறந்தவருமல்லர், மந்தையின் பின்னின்று இறைவனால் எடுக்கப்பட்டவர் என்று விடையிறுத்தனர். அவர் உரைத்தன யாவை? எளியோரைச் செருப்பின் விலைக்கு விற்பாரையும், எடைக்கோலிற் கள்ளஞ் செய்வாரையும், நீதியின்றி விழாவெடுப்பாரையும் இறைவன் பொறான் என்பதே. எத்தியோப்பியரும் பெலிஸ்தரும் சீரியரும் அவ்விறைவனால் நடத்தப்பட்டவரே என்று, தம் இனத்தார் தமக்கே இறைவன் உரியன் எனக் கொண்ட செருக்கையும் அவர் அறுத்தனர். இதனைச் சோதிடம் என்பார் நூலைப் பாராதவரே.

இனி, உண்மையில் ஆராயற்பாலதாகிய வினா இது. இறைவன் வாக்கு என்று ஒருவன் வந்து உரைக்கின்றான். அவனுக்கு மாறாக மற்றொருவனும் இறைவன் வாக்கு என்றே உரைக்கின்றான். கேட்போன் எதனாற் றுணிவான்? ஆப்தவாக்கியம் பிரமாணம் என்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்தது. ஆப்தன் இவன் என்று அறிதற்குப் பிரமாணம் யாது? இவ்வினா அவர் சமயத்தார்க்கு நாம் புறத்தினின்று எழுப்புவதன்று. அவர் வேதத்துள்ளேயே எழுந்து, ஊரையும் உயிரையும் பலிகொண்ட வினாவாம்.

உபாகமம் என்னும் நூல் இதற்கு இரண்டு அளவைகளைக் கூறுகின்றது. ஒன்று, சொன்னது நிகழாதாயின் அச்சொல் இறைவனதன்று என்பது. மற்றொன்று, சொன்ன அடையாளம் நிகழ்ந்தவிடத்தும், சொன்னவன் வேறு தெய்வங்களைப் பின்பற்றுமாறு அழைப்பானாயின் அவன் சொற் கொள்ளற்க என்பது. முன்னையதற்கு வருங் குற்றம் வெளிப்படை. நிகழுமோ நிகழாதோ என்பது பின்னர் அறியப்படும். ஏற்பதோ மறுப்பதோ இன்றே செய்யப்படல் வேண்டும். வெள்ளம் வந்து போனபின் கரையின் வலிமை அறிவான் போல்வன் அவ்வளவையை நம்புவான். பின்னையதற்கு வருங் குற்றம் நுட்பமானது. தீர்க்கதரிசியை நூல்கொண்டு சோதித்தல் வேண்டும். அந்நூலோ தீர்க்கதரிசி வாயிலாக வந்தது. மோசேயே அவர்க்குத் தலையாய தீர்க்கதரிசி. எனவே ஒன்றையொன்று பற்றுதல் என்னும் அந்நியோந்நியாச்சிரயக் குற்றம் இதன்கண் எய்தும் என்று தருக்கநூல் வல்லார் கூறுவர். இக்குற்றத்தைக் கூறி அமைந்து விடுதல் எளிது. ஆனால் அவர் வரலாறு இவ்விரண்டு அளவைகளோடு நின்றொழியவில்லை. துன்பத்தின் வாயிலாக அவர்கள் கற்றன வேறும் உள.

ஆகாப் என்னும் அரசன் ராமோத்து என்னும் ஊரின்மேற் படையெடுக்கக் கருதி ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகளைக் கூட்டி வினவினான். அனைவரும் ஒரே வாயாக வெற்றி என்றனர். அவருள் ஒருவன் இருப்புக் கொம்புகளும் செய்து காட்டினான். மிகாயா ஒருவரே தோல்வி என்றார், சிறையிடப்பட்டார். ஆகாப் அப்போரில் மடிந்தான். பலர் உடன்பாடு உண்மைக்குச் சான்றாகாது என்பதும், அரசன் உண்டியில் வாழ்வார் வாக்கு அரசன் விருப்பத்தின் எதிரொலியாய் முடியும் என்பதும் இதனாற் பெறப்பட்டன.

இதனினும் ஆழ்ந்தது எரேமியா வரலாறு. கி.மு. 597-இல் பாபிலோனியர் எருசலேமை அடிப்படுத்தி, அரசனையும் கோயிற் கலங்களையும் கொண்டு சென்றனர். எஞ்சினார் மீண்டும் எதிர்க்க எண்ணினர். எரேமியா மரநுகமொன்றைத் தம் கழுத்திற் பூண்டு, 'இந்நுகத்திற்கு அடங்குமின். இல்லையேல் அழிவீர்' என்று பொருள்பட உரைத்துத் திரிந்தார். அப்பொழுது கிபியோன் ஊரினனாகிய அனனியா என்னும் தீர்க்கதரிசி கோயிலில் மக்கள் கேட்ப, இறைவன் பாபிலோனியன் நுகத்தை முறித்தான், இரண்டாண்டிற்குள் கலங்களும் சிறைப்பட்டாரும் மீள்வர் என்று இறைவன் பெயராலேயே கூறி, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பறித்து உடைத்தான். அவன் கூறியது நாட்டன்பு நிறைந்தது. கேட்டார் உள்ளங் குளிர்வது. முன்னொரு காலத்து அந்நகர் காக்கப்பட்ட வரலாற்றோடும் ஒத்தது. எரேமியா கூறியதோ பகைவனுக்கு உதவுவது போன்றது.

ஈண்டு எரேமியா செய்ததை அன்பர்கள் ஊன்றி நோக்குக. அவர் சினந்திலர், அவன் பொய்யன் என்று அந்நொடியே கூறினாருமல்லர். 'அவ்வாறே ஆகுக, இறைவன் நின் சொல்லை நிறைவேற்றுக' என்னுங் கருத்துப்பட மொழிந்தார். முன்னிருந்த தீர்க்கதரிசிகள் போரும் பஞ்சமும் கொள்ளைநோயும் உரைத்தனர் என்றும், சமாதானம் உரைப்பவன் வாக்கு நிறைவேறும்போதே அவன் அனுப்பப்பட்டவன் என்று துணியப்படும் என்றும் கூறித் தம் வழியே சென்றார். தமக்கு வாக்கு அருளப்படாத பொழுதில் தம் கருத்தை இறைவன் வாக்காக்கிக் கூற அவர் உடன்பட்டிலர். சில நாட் கழிந்து வாக்கு அருளப்பட்ட பின்னரே மீண்டு வந்து, மரநுகம் போய் இருப்புநுகம் வந்தது என்றார். அனனியா அவ்வாண்டின் ஏழாந் திங்களில் இறந்தான் என்று நூல் கூறும். ஆயினும் அதுகண்டு மக்கள் மனந்திரும்பினர் என்று அந்நூல் கூறவில்லை. எரேமியா பின்னர்ச் சேறு நிறைந்த குழியில் இறக்கப்பட்டார். அரண்மனையிலிருந்த எத்தியோப்பியன் ஒருவனே இரங்கி அவரைத் தூக்குவித்தான். கி.மு. 587-ஐ அடுத்து எருசலேமும் கோயிலும் எரியுண்டன.

வாராத வாக்கை வந்ததாகக் கூறாமையே மெய்த்தீர்க்கதரிசியின் முதலிலக்கணம் என்பது இதனாற் போந்த கருத்து. பொய்த்தீர்க்கதரிசிக்கு எப்பொழுதும் வாக்கு உண்டு. கேட்ட அளவிலே விடை உண்டு. மெய்யானவனுக்கோ வாய்மூடி நிற்கும் காலம் உண்டு. மேலும், எரேமியா தம் வாக்கிற் பயன்கொண்டாரல்லர். சொல்லாதிருக்க முயன்றும், எலும்பினுள் அடைபட்ட நெருப்புப் போல அது தம்மைச் சுட்டமையாற் சொன்னதாக அவரே முறையிடுகின்றார். உரைப்பவனுக்குக் கேடு பயந்தும் உரைக்கப்படுஞ் சொல், ஊதியம் பயக்குஞ் சொல்லினும் நம்பற்குரியது என்பதை உலகியல் நீதியும் ஒப்பும்.

அற்றாயினும், சொன்னது நிகழ்தல் வேண்டுமென்னும் அளவை நிற்குமன்றோ எனின், அதுவும் முற்ற நில்லாது. எரேமியாவைக் கொல்லவேண்டும் என்று வழக்கு எழுந்தபோது நாட்டு மூப்பர் சிலர் எழுந்து ஒரு பழைய செய்தி கூறினர். எசேக்கியா அரசன் நாளில் மீகா என்பார், சீயோன் வயல்போல உழப்படும் என்று உரைத்தார்; அரசன் அவரைக் கொல்லாது இறைவனுக்கு அஞ்சி வேண்டினான்; சொன்ன தீங்கு வாராதொழிந்தது என்பதே அச்செய்தி. சொன்னது நிகழாமைபற்றி மீகாவை அவர்கள் பொய்யர் என்றாரல்லர். நிகழாமையே அவர் வாக்கின் வெற்றி என்று கொண்டனர். யோனா வரலாறும் இதுவே. நாற்பது நாளில் நினிவே அழியும் என்றார், நகரத்தார் தீவினையை விட்டனர், நகர் அழிந்திலது. தம் சொல் பழுதாயிற்றென்று யோனா வருந்தினார்; இறைவனோ மக்கட்கும் மாக்கட்கும் இரங்கினான். சொல் பலித்தலை விரும்பும் தீர்க்கதரிசியையும், உயிர் பிழைத்தலை விரும்பும் இறைவனையும் எதிரெதிரே நிறுத்தி அந்நூல் முடிகின்றது. 13-ஆம் நூற்றாண்டிலிருந்த தாமஸ் அக்குவினாஸ் என்னும் அவர் சமயப் பேராசிரியர், எச்சரித்தற்பொருட்டு உரைக்கப்படுந் தீர்க்கதரிசனம் நிகழ்ந்தே தீரும் என்னும் நியதியில்லை என்று இதுபற்றியே வகுத்தனர். வினைப்பயன் இவ்வழி நின்றால் இவ்வாறு முடியும் என்று காட்டுவதே அதன் கருத்து. முடிவை விதிப்பது அன்று. எனவே தீர்க்கதரிசனத்தின் பயன் எதிர்காலத்தை அறிவித்தலன்று, நிகழ்காலத்தைத் திருத்துதலே என்பது அவர்தம் நூலாலேயே துணியப்பட்டது.

கிறிஸ்துவுக்குப் பின் இவ்வாற்றல் சபையார்க்குப் பொதுவாய்ப் பரிசுத்த ஆவியால் அருளப்படும் வரங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. பவுல் என்பார் கி.பி. 55-ஐ ஒட்டிக் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய முதல் நிருபத்தில், தீர்க்கதரிசனம் கேட்போர்க்குப் பக்திவிருத்தியும் புத்தியும் ஆறுதலும் பயப்பது என்று அதன் பயனை வரையறுத்தார். இருவர் மூவர் உரைக்க ஏனையோர் அதனை நிதானிக்கவேண்டும் என்றும், தீர்க்கதரிசியின் ஆவி அவனுக்கு அடங்கியதே என்றும் கட்டளையிட்டார். ஆவேசத்தால் தன்னையறியாது உரைத்தேன் என்னும் போக்கு இதனால் அடைபட்டது. அன்பில்லாதவன் எல்லா இரகசியங்களையும் அறிந்த தீர்க்கதரிசியாயினும் ஒன்றுமில்லாதவனே என்பது அவர் முடிபு.

1873-ஆம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிளிற் பிரையன்னியோஸ் என்னும் கிரேக்க குருவாற் கண்டெடுக்கப்பட்டு 1883-இல் அச்சேறிய திதகே என்னும் பழைய சிறுநூல், ஆதி சபையார் இதனை எவ்வாறு நடைமுறையிற் கொண்டனர் என்பதைக் காட்டுகின்றது. ஊர் ஊராய் வருந் தூதன் மூன்று நாள் தங்கின் பொய்யன். ஆவியின் ஏவலென்று பந்தி வைக்கச் சொல்லித் தானே அதில் உண்பவன் பொய்யன். பணங் கேட்பவன் பொய்யன். இறைவனுக்குரிய ஒழுக்கம் உடையவனே மெய்யன். இவ்விதிகள் எளியன, ஆனால் அடிபட்டு அறிந்தவர் வகுத்தவை என்பது படிப்பார்க்கு விளங்கும்.

இவ்விதிகளைக் கைவிட்டவிடத்து நேர்ந்த கேடுகளையும் அச்சமய வரலாறு மறைக்கவில்லை. 2-ஆம் நூற்றாண்டிற் பிரிகியா நாட்டு மொந்தானு என்பானும் அவனைச் சார்ந்த பெண்டிர் இருவரும் தம் வாயிலாக ஆவியே பேசுகின்றது என்று கூறிச் சபையைப் பிளந்தனர். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பார் வேதத்தைக் கணக்கிட்டுக் கிறிஸ்து திரும்பி வருங் காலங் குறிக்க, அவரைப் பின்பற்றினோர் 1844-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாளை எதிர்நோக்கி நின்று ஏமாந்தனர். 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசூசா தெருவில் எழுந்து உலகெங்கும் பரவிய பெந்தெகொஸ்தே இயக்கத்தார் இவ்வரத்தை மீண்டும் முதன்மையாக்கினர். அவருள்ளும் அடக்கமுடையாரும் உளர், நாட்குறித்து உரைத்து மயக்குவாரும் உளர். மயக்குவாரைக் கண்டு ஆமோசையும் எரேமியாவையும் இகழ்தல், போலித் துறவியைக் கண்டு துறவினை இகழ்தலோடு ஒக்கும்.

இனி, நம் சித்தாந்தத்தோடு இதனை ஒருசிறிது ஒப்புநோக்குவாம். அவர்தங் கொள்கையிற் றீர்க்கதரிசன வரத்திற்கும் உயிர்த்தூய்மைக்கும் நியதமான தொடர்பில்லை. கூலிக்குச் சபிக்க வந்த பிலேயாம் மெய்யே உரைத்தான். கிறிஸ்துவைக் கொல்லச் சூழ்ந்த காய்பாவும் தன்னையறியாது தீர்க்கதரிசனம் உரைத்தான் என்று யோவான் எழுதுகின்றார். தீர்க்கதரிசனஞ் சொன்னோம் என்று இறுதிநாளில் வருவாருட் பலரை அறியேன் என்று கிறிஸ்துவே தள்ளுவதாக மத்தேயு நூல் கூறும். இவ்வாற்றல் நிலைபெற்ற குணமன்று, வந்து செல்லும் ஒளியே என்றும், நல்லொழுக்கமில்லாதார்பாலும் அமையும் என்றும் அக்குவினாஸ் ஆராய்ந்து முடித்தார். முக்கால உணர்ச்சியைச் சித்திகளுள் வைத்து, சித்தி முத்தியாகாது என்று துணிந்த நமக்கு இம்முடிபு புதிதன்று, உடன்பாடே.

வேறுபாடு பிறிதோரிடத்து உளது. சகலராகிய நமக்கு இறைவன் மானிட ஆசான் திருமேனியே போர்வையாக மறைந்து நின்று உணர்த்துவான் என்பது நம் துணிபு. அவ்வாசான் மலவாசனை அற்றுத் தன் கரணங்களெல்லாம் பதிகரணமாகப் பெற்றவன். அவர் கூறுந் தீர்க்கதரிசியோ தூதன். தூதின் மெய்ம்மை தூதனது தகுதியைச் சாராது. தீர்க்கதரிசி ஒரு நாட்டாரை நோக்கிப் பேசுவான். ஆசான் பக்குவமுற்ற ஓருயிரை நோக்கிப் பேசுவான். ஆகலின் தீர்க்கதரிசியை ஆசானாகக் கொண்டு குறைகூறுதலும், ஆசானைத் தீர்க்கதரிசியாகக் கொண்டு பலித்தவை எத்தனை என்று எண்ணுதலும் ஒருங்கே பிழையாம். ஓர் உயிரின் மலநீக்கத்திற்குத் தூதுவாக்கு மாத்திரம் அமையாது என்பதில் நாம் அவரொடு மாறுபடுவோம். ஆனால் ஒரு நாடு அறத்தினின்று வழுவுமிடத்து அதனை அரசன் முகத்தெதிரே கூறுவார் வேண்டும் என்பதில் மாறுபடற்கு இடமில்லை.

முற்கூறிய அந்நியோந்நியாச்சிரயக் குற்றம் எவ்வாறு நீங்கும் எனின், கூறுதும். புறத்தளவைகள் எத்தனை அடுக்கினும் அக்குற்றம் முழுதும் நீங்காது. அனனியாவையும் எரேமியாவையும் கேட்டவர் ஒரே மக்கள். இருவரும் ஓரிறைவன் பெயரையே கூறினர். நூலறிவும் இருபாலும் இருந்தது. மக்கள் அனனியாவைத் தெரிந்தது அறிவுக்குறையால் அன்று. அவன் கூறியதே அவர்க்கு வேண்டியிருந்தமையால். தன் விருப்பத்தை இறைவன் திருவுளம் என்று ஒருவன் சொல்லக் கேட்க விழைவானுக்கு அதனைச் சொல்வான் ஒருவன் எப்பொழுதும் கிடைப்பான். ஆகலின் உரைகல் உரைப்பான்பால் மாத்திரம் இல்லை, கேட்பான்பாலும் உளது. கண்ணொளியும் ஞாயிற்றொளியும் கூடியவிடத்தே காட்சி நிகழுமாறு போல, வெளியிலிருந்து வருஞ் சொல்லும் உள்ளிருந்து உணர்த்தும் அருளும் கூடியவிடத்தே இது மெய் என்னுந் துணிவு பிறக்கும். பவுல், ஆவிகளைப் பகுத்தறிதலையும் தனியே ஒரு வரமாக வைத்தது இக்கருத்தோடு பெரிதும் இயையும். நாம் அதனைப் பக்குவம் என்போம்.

இவ்வாராய்ச்சி பிறர் சமயத்தைப் பற்றியதோடு அமைந்துவிடின் இதனாற் பெரும்பயனில்லை. திருவுளம் இது, சிவாஞ்ஞை இது என்று துணிந்துரைப்பார் நம்மிடையேயும் உளர். நாமும் ஒரோவழி அவ்வாறு உரைத்திருப்போம். அங்ஙனம் நா எழும்பொழுது, வாக்கு வந்து உரைக்கின்றோமா, வாராதிருக்கவும் உரைக்கின்றோமா என்று நம்மை நாமே வினவுதல் வேண்டும். அன்று எருசலேமின் கோயிலில், உடைந்த நுகத்தை எடுத்துக்கொள்ளவும் செய்யாது, தமக்கு வாக்கு இல்லாமையால் வாய்திறவாது தம் வழியே சென்ற அம்முதியவர் நிலை, எச்சமயத்து அடியார்க்கும் வணங்கத்தக்கதே என்பது நமது கருத்து.

சிவம்.